மூவாயிரம் பேர் பிழைதிருத்திய நாவல்

எனக்கு வேலை போன அன்று சாயங்காலம் முதலில் போன் செய்தவன் ஒரு கல்லூரி நண்பன். ஆறுதல் சொல்லத்தான் கூப்பிட்டான், பாவம். அவனுடைய ஆறுதல் இப்படி இருந்தது: "விடு மச்சி. ஆண்டி வியருக்கும்தான் வேலை போச்சு. உக்காந்து ஒரு நாவல் எழுதினான், அவனே கிண்டில்ல போட்டான், ரிட்லி ஸ்காட் படமா எடுத்துட்டார். நீயும் நாலு வருஷமா ஸ்பேஸ் கதை எழுதப்போறேன்னு சொல்லிட்டே இருக்க. இப்ப எழுது."

கையில் மூன்று மாதச் சம்பளம் இருந்தது. எழுதினேன். காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை, ஆபீஸ் போவது போல. மூன்றாவது மாதக் கடைசியில் என்னிடம் நாற்பதாயிரம் சொற்கள் இருந்தன. அவற்றை என்னாலேயே இரண்டாவது முறை படிக்க முடியவில்லை. வேறு வேலை கிடைத்தது, போய்ச் சேர்ந்துவிட்டேன். ஆனால் நண்பன் சொன்ன கதையில் எங்கோ ஒரு பக் இருக்கிறது என்ற சந்தேகம் மட்டும் மனசை விட்டுப் போகவில்லை. புரோகிராமர் புத்தி. வியரின் பேட்டிகள், அந்தக் காலத்துச் செய்திகள், அவருக்கு முன்னால் வந்தவர்களின் வரலாறு என்று தோண்ட ஆரம்பித்தேன். பக் இருந்தது. முதல் வரியிலேயே இருந்தது.

வியருக்கு வேலை போனது உண்மை. ஆனால் அது நடந்தது 1999இல். 'தி மார்ஷியன்' நாவலை அவர் எழுதத் தொடங்கியது 2009இல். நடுவில் பத்து வருடங்கள்.

அந்தப் பத்து வருடங்களில்தான் விஷயம் இருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன். வியர் 1972இல் கலிஃபோர்னியாவில் பிறந்தவர். அப்பா இயற்பியலாளர், அம்மா எலக்ட்ரிக்கல் இன்ஜினியர். பதினைந்து வயதிலேயே சாண்டியா தேசிய ஆய்வகத்தில் புரோகிராமிங் வேலை செய்யப் போய்விட்டார். கல்லூரியில் கணினி அறிவியல் சேர்ந்தார், பட்டம் முடிக்கவில்லை. 'வார்கிராஃப்ட் 2' விளையாட்டை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர். பிறகு ஏஓஎல். 1999இல் அங்கே ஆட்குறைப்பு வந்தது. வெளியே போகிறவர்கள் தங்கள் ஸ்டாக் ஆப்ஷன்களை விற்றாக வேண்டும் என்ற நிலை. டாட்காம் குமிழி உச்சத்தில் இருந்த நேரம் அது. வேறு வழியில்லாமல் விற்றதே அதிர்ஷ்டமாகிவிட்டது. கிட்டத்தட்ட மூன்று வருடம் வேலைக்குப் போகாமல் சாப்பிடுகிற அளவுக்குப் பணம்.

எந்த எழுத்தாளரும் கனவு காணும் நிலைமை. பணம் இருக்கிறது, நேரம் இருக்கிறது, இருபதுகளின் கடைசி வயது. அந்த மூன்று வருடத்தில் அவர் ஒரு நாவல் எழுதி முடித்தார். ஏஜெண்டுகளுக்கு அனுப்பினார். அமெரிக்காவில் பெரிய பதிப்பகங்களின் கதவை ஏஜெண்ட் இல்லாமல் தட்டுவது கஷ்டம். ஒருவரும் எடுக்கவில்லை. பணம் தீர்ந்தது. திரும்பவும் புரோகிராமர் வேலைக்குப் போனார். எழுத்தாளனாகும் ஆசையை மூட்டை கட்டி வைத்துவிட்டதாகவே பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

இதைப் படித்தபோது எனக்கு வந்த ஆறுதலை எப்படிச் சொல்ல? நண்பன் சொன்ன ஆறுதலைவிட இது ஆயிரம் மடங்கு பெரிது. வேலை போனபின் அறையில் உட்கார்ந்து தனியாக எழுதிய வியர் தோற்றுப்போனவர். என்னைப் போலவே.

ஜெயித்த வியர் வேறொருவர். அந்த ஆள் பகலில் கோட் எழுதிக்கொண்டு, இரவில் தன் இணையதளத்தில் எதையாவது போட்டுக்கொண்டிருந்தார். காசு எதிர்பார்க்கவில்லை. 2001இலிருந்து 2008 வரை 'கேசி அண்ட் ஆண்டி' என்று ஒரு இணையச் சித்திரக்கதை. ஓவியம் சுமார்தான், அவரே அப்படித்தான் சொல்வார். பிறகு சிறுகதைகள். 2009இல் 'தி எக்' என்று ஒரு குட்டிக்கதை போட்டார். அது உலகமெல்லாம் சுற்றியது. இப்படி வருடக்கணக்கில் சேர்ந்த வாசகர்கள் சுமார் 3,000 பேர் அவருடைய மின்னஞ்சல் பட்டியலில் இருந்தார்கள். புதிதாக ஏதாவது போட்டால் அவர்களுக்கு ஒரு மெயில் போகும்.

3,000 பேர். இணையக் கணக்கில் அது ஒன்றுமே இல்லை. தமிழில் ஒரு சுமாரான மீம் பக்கத்துக்கு இதைவிட அதிகம் பேர் இருப்பார்கள். ஆனால் இந்த மூவாயிரம் பேர் ஒரு குறிப்பிட்ட வகை ஆட்கள். இவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று தெரிந்துகொள்ள இன்னும் எண்பது வருடம் பின்னால் போக வேண்டும்.

அமெரிக்க அறிவியல் புனைவின் முதல் தனிப் பத்திரிகை 'அமேசிங் ஸ்டோரீஸ்', 1926 ஏப்ரலில் வந்தது. நடத்தியவர் ஹியூகோ கெர்ன்ஸ்பேக். லக்சம்பர்க்கிலிருந்து வந்து நியூயார்க்கில் ரேடியோ சாமான் விற்றவர். அதற்கு முன்பே, 1911இல், 'மாடர்ன் எலக்ட்ரிக்ஸ்' என்ற தன் சொந்தப் பத்திரிகையில் தன் சொந்த நாவலைத் தொடராகப் போட்டுக்கொண்டவர். சுயபதிப்பு என்று யாரும் அதை அன்று கேலி செய்யவில்லை, முதலாளியே அவர்தானே. கெர்ன்ஸ்பேக்கின் எழுத்தை இன்றைக்குப் படிப்பது தண்டனை. ஆனால் அவர் செய்த ஒரு சின்னக் காரியம் பெரிதாகிவிட்டது. வாசகர் கடிதங்களை வெளியிடும்போது எழுதியவரின் முழு முகவரியையும் சேர்த்து அச்சிட்டார். அவ்வளவுதான். ஒஹையோவில் ஒரு பையன் எழுதிய கடிதத்தைப் பார்த்து நியூயார்க்கில் இருக்கும் பையன் அவனுக்கு நேராகக் கடிதம் போட ஆரம்பித்தான். பத்திரிகையின் முதுகுக்குப் பின்னால் வாசகர்களுக்கிடையே ஒரு வலை உருவானது.

அந்தக் கடிதங்களில் என்ன எழுதினார்கள்? பெரும்பாலும் தவறு கண்டுபிடித்தார்கள். இந்தக் கதையில் ராக்கெட்டின் வேகம் தப்பு, அந்தக் கதையில் வேதியியல் தப்பு. மற்ற வகைக் கதைகளின் வாசகர் நன்றாக இருந்தது, இல்லை என்று எழுதுவார். அறிவியல் புனைவு வாசகர் கணக்குப் போட்டு எழுதுவார்.

கடிதம் எழுதி அலுத்தவர்கள் தாங்களே பத்திரிகை தொடங்கினார்கள். நம் சிற்றிதழ்க்காரர்களுக்குச் சைக்ளோஸ்டைல் எப்படியோ, அப்படித்தான் அவர்களுக்கும். 1932இல் க்ளீவ்லேண்டில் ஜெர்ரி சீகல் என்ற பள்ளி மாணவன் 'சயன்ஸ் ஃபிக்‌ஷன்' என்ற பெயரில் இப்படி ஒன்றை உருட்டி எடுத்தான். மொத்தம் ஐந்தே இதழ்கள். 1933 ஜனவரி இதழில் அவன் புனைபெயரில் எழுதிய கதைக்கு நண்பன் ஜோ ஷுஸ்டர் படம் வரைந்தான். கதையின் நாயகன், இல்லை வில்லன், ஒரு 'சூப்பர்மேன்'. மனோசக்தியால் உலகை ஆளப்பார்க்கும் கெட்டவன். அந்தக் கெட்டவனை நல்லவனாக்கி இருவரும் 1938இல் ஒரு காமிக்ஸ் கம்பெனிக்கு விற்றார்கள். உரிமை முழுவதற்கும் சேர்த்து 130 டாலர். அதற்குப் பிறகு வாழ்நாளின் பெரும்பகுதி அந்த உரிமைக்காக வழக்குப் போட்டே கழிந்தது. சொந்தமாக அச்சடித்தவரை சூப்பர்மேன் அவர்களுடையவன். விற்ற அன்று கைவிட்டுப் போனான். இந்த 130 டாலரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேலைக்கு ஆகும்.

தவறு கண்டுபிடிக்கும் வாசகர்களின் உச்சம் என்று லாரி நிவனின் 'ரிங்வேர்ல்ட்' விஷயத்தைச் சொல்லலாம். 1970இல் வந்த நாவல். ஒரு நட்சத்திரத்தைச் சுற்றி மோதிரம் போலக் கட்டப்பட்ட பிரம்மாண்டமான உலகம். முதல் பதிப்பின் ஆரம்பப் பக்கங்களில் நாயகன் தன் பிறந்தநாளை நீட்டிப்பதற்காக நள்ளிரவுக்கு முன்னாலேயே ஓடிக்கொண்டிருக்கிறான், ஊர் ஊராகத் தாவி. ஆனால் தாவும் திசை தப்பு. மேற்கே போக வேண்டியவன் கிழக்கே போகிறான். அப்படிப் போனால் பிறந்தநாள் சீக்கிரம் முடியும். வாசகர்கள் பிடித்துவிட்டார்கள். அடுத்த பதிப்பில் திருத்தினார்கள். தப்பு உள்ள முதல் பதிப்புக்குப் பழைய புத்தகச் சந்தையில் தனி மவுசு உண்டு. 1971இல் பாஸ்டனில் நடந்த உலக அறிவியல் புனைவு மாநாட்டில் எம்ஐடி மாணவர்கள் ஹோட்டல் வராந்தாக்களில் கோஷம் போட்டுக்கொண்டே போனார்களாம், ரிங்வேர்ல்ட் நிலையாக நிற்காது என்று. நிவனே சொன்னது. கோள் என்றால் சுற்றுப்பாதையில் தானாக நிற்கும். விறைப்பான வளையம் அப்படி நிற்காது, கொஞ்சம் நகர்ந்தாலும் ஒரு பக்கமாகச் சாய்ந்துபோய் நட்சத்திரத்தில் மோதும். நிவன் அந்தப் பிழையை வைத்தே இரண்டாவது நாவல் எழுதினார், 1980இல். வளையத்தை நிலைநிறுத்தும் எஞ்சின்களைத் தேடுவதே கதை.

பிழை சொன்னதிலிருந்து பேட்ச் வெளியாவதற்கு ஒன்பது வருடம். அச்சு உலகத்தின் வேகம் அது.

வியரின் மூவாயிரம் பேர் இந்த வம்சம். அவர் செவ்வாயில் தனியாக மாட்டிக்கொண்ட மார்க் வாட்னியின் கதையை அத்தியாயம் அத்தியாயமாகத் தளத்தில் போடப் போட, மெயில்கள் வந்தன. வேதியியல்தான் தன் பலவீனம் என்று வியர் பல இடங்களில் சொல்லியிருக்கிறார். அங்கே வேதியியல் படித்த வாசகர்கள் பிடித்துக்கொண்டார்கள். இது இப்படி எரியாது, அது அந்த வெப்பநிலையில் இருக்காது என்று. அவர் அன்றைக்கு ராத்திரியே போய்த் திருத்திவிடுவார். அத்தியாயம் தளத்தில்தானே இருக்கிறது, அச்சிலா இருக்கிறது? நிவனுக்கு ஒன்பது வருடம் ஆனது இவருக்கு ஒரு ராத்திரி.

என் தொழிலில் இதற்கு கோட் ரிவ்யூ என்று பெயர். நான் எழுதிய கோடை இன்னொருவர் பார்க்காமல் ஒரு வரிகூட வெளியே போகாது. பத்து வருடமாக இப்படித்தான் வேலை செய்கிறேன். ஆனால் கதை என்று உட்கார்ந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு நாற்பதாயிரம் சொற்களை ஒரே கமிட்டாகப் போட்டேன். இதை யோசிக்கும்போது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

'தி மார்ஷியன்' எழுதப்பட்ட விதத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், எனக்குப் பிடித்த பகுதி அதுதான். வியர் ஒரு சம்பவத்தை யோசித்துவிட்டு அதற்கு அறிவியல் விளக்கம் தேடவில்லை. கணக்கைப் போட்டு, அது எங்கே உதைக்கிறது என்று பார்த்து, உதைக்கும் இடத்தைச் சம்பவமாக்கினார். வாட்னியிடம் உருளைக்கிழங்கு இருக்கிறது. நட வேண்டும். எத்தனை சதுர மீட்டர் மண், எத்தனை கலோரி கிடைக்கும், எத்தனை நாள் தாங்கும்? மண் இருந்தால் போதுமா, தண்ணீர்? தண்ணீருக்கு ஹைட்ரஜன் வேண்டும். ராக்கெட் எரிபொருளான ஹைட்ரசீன் மிச்சம் இருக்கிறது. இரிடியம் வினையூக்கி மேல் விட்டால் அது நைட்ரஜனாகவும் ஹைட்ரஜனாகவும் பிரியும். ஹைட்ரஜனைக் கொளுத்தினால் தண்ணீர். ஆனால் வீட்டுக்குள் ஹைட்ரஜனைக் கொளுத்துகிறவன் என்ன ஆவான்? அடுத்த அத்தியாயம் தயார். எல்லாம் ஒன்றிலிருந்து ஒன்று முளைப்பது. வில்லன் தேவைப்படவில்லை. செவ்வாய் மனிதனைக் கொல்ல முனையவே வேண்டாம், சும்மா இருந்தாலே போதும்.

ஹெர்மீஸ் என்ற விண்கலம் பூமிக்கும் செவ்வாய்க்கும் இடையே போய்வரும் பாதையைக் கண்டுபிடிக்க அவர் சொந்தமாக ஒரு மென்பொருளே எழுதினார். அயனி எஞ்சின் என்பதால் கலம் முழு நேரமும் மெல்லத் தள்ளப்பட்டுக்கொண்டே இருக்கும். பாடப்புத்தகச் சூத்திரத்தை வைத்து அந்தப் பாதையைப் போட முடியாது. அதற்காக எழுதிய புரோகிராம். நாவலில் வருடம் என்னவென்று எங்கும் சொல்லவில்லை. ஆனால் கோள்களின் நிலையை வைத்துக் கணக்குப் போட்டால் வாட்னி தரையிறங்கும் தேதி கிடைத்துவிடும், 2035 நவம்பர். கண்டுபிடித்த வாசகர்களும் இருந்தார்கள். இருக்கத்தானே செய்வார்கள்!

இவ்வளவு கறாரான நாவல் ஒரு பொய்யில் ஆரம்பிக்கிறது. விண்கலத்தைச் சாய்க்கும் அளவுக்கு வீசும் புயல். செவ்வாயின் காற்றழுத்தம் பூமியில் இருப்பதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. அங்கே புயல் அடித்தால் தூசி பறக்கும், ஆளைத் தள்ளாது. இது வியருக்குத் தெரியாமல் நடக்கவில்லை. எஞ்சின் சோதனையில் விபத்து என்று வேறொரு ஆரம்பமும் அவர் யோசித்து வைத்திருந்தார். ஆனால் முதல் அடியை இயற்கைதான் அடிக்க வேண்டும், மனிதனின் கவனக்குறைவு அடிக்கக் கூடாது என்று தெரிந்தே புயலை வைத்துக்கொண்டார். மூவாயிரம் பேர் பிழை சொல்லலாம், எந்தப் பிழையை விட்டுவைப்பது என்ற முடிவு ஒருத்தருடையது. சுயபதிப்பில் 'சுயம்' என்று ஏதாவது இருந்தால் இங்கே இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

(இன்னொரு வேடிக்கை. வாட்னி உயிரைப் பணயம் வைத்துத் தண்ணீர் தயாரித்தானே, 2013இல் க்யூரியாசிட்டி ஊர்தி செவ்வாய் மண்ணைச் சூடாக்கிப் பார்த்தபோது அதில் சுமார் 2 சதவீதம் தண்ணீர் இருந்தது. மண்ணை அடுப்பில் வைத்திருந்தாலே போதும். கதை அதற்குள் எழுதி முடிக்கப்பட்டிருந்தது. நல்லவேளை.)

தொடர் முடிந்ததும் வாசகர்கள் கேட்டார்கள், இதை மொத்தமாக மின்னூலாகக் கொடுங்கள் என்று. செய்தார். அதைக் கருவியில் ஏற்றத் தெரியாதவர்கள் கேட்டார்கள், கிண்டிலில் போட்டுவிடுங்கள், நாங்கள் அங்கேயே எடுத்துக்கொள்கிறோம் என்று. போட்டார். இலவசமாகக் கொடுக்கத்தான் நினைத்தார், அமேசான் அனுமதித்த குறைந்தபட்ச விலை 99 சென்ட், அதை வைத்தார். தளத்தில் அதே நாவல் சும்மா கிடைத்துக்கொண்டிருந்தது. அப்படியும் காசு கொடுத்து வாங்கியவர்கள்தான் அதிகம். மூன்று மாதத்தில் 35,000 பிரதிகள்.

இங்கே ஒரு கணக்குப் போடலாம். 99 சென்ட் புத்தகத்துக்கு ஆசிரியர் பங்கு 35 சதவீதம். பிரதிக்கு சுமார் 35 சென்ட். 35,000 பிரதிக்கு ஏறத்தாழ 12,000 டாலர். மூன்று வருட உழைப்பு, உலகின் மிகப் பெரிய புத்தகக் கடையில் அறிவியல் புனைவு வரிசையில் முதலிடம், அப்படியும் கிடைத்தது ஒரு கலிஃபோர்னியா புரோகிராமரின் ஓரிரு மாதச் சம்பளம். அவர் வேலையை விடவில்லை. 2013இல் ஒலிநூல் வந்தது, அதே வருடம் கிரவுன் பதிப்பகம் லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது, அதே வாரத்தில் ஃபாக்ஸ் பட உரிமையை எடுத்தது. அப்போதும் அவர் ஆபீஸில் பக் சரிசெய்துகொண்டிருந்தார். படத்தைப் பற்றி போன் வந்தால் எழுந்து ஒரு மீட்டிங் அறைக்குள் போய்ப் பேசிவிட்டு வருவாராம். 2015இல் படம் வந்து 60 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது உங்களுக்குத் தெரியும்.

இதெல்லாம் நடக்க ஒரு கதவு திறந்திருக்க வேண்டியிருந்தது. அது ரொம்ப நாள் திறந்திருக்கவில்லை. கிண்டில் கருவி 2007 நவம்பரில் வந்தபோதே, யார் வேண்டுமானாலும் புத்தகம் ஏற்றலாம் என்ற வசதியும் கூடவே வந்தது. ஆனால் ஆசிரியருக்கு 35 சதவீதம்தான். 2010இல் ஆப்பிள் ஐபேடோடு புத்தகச் சந்தைக்குள் நுழைந்ததும் அமேசான் 2.99 டாலருக்கும் 9.99 டாலருக்கும் இடைப்பட்ட விலைக்குப் பங்கை 70 சதவீதமாக்கியது. இரண்டு யானைகள் மோதிய இடத்தில் எழுத்தாளர்களுக்குக் கொஞ்சம் வெளி கிடைத்தது. அடுத்த இரண்டு மூன்று வருடங்கள்தான் இப்போது பொற்காலமாகப் பேசப்படுகின்றன.

அந்தப் பொற்காலத்தின் இன்னொரு ஆள் ஹியூ ஹாவி. படகு ஓட்டினார், கூரை வேய்ந்தார், பிறகு வட கரோலினாவில் ஒரு பல்கலைக்கழகப் புத்தகக் கடையில் வேலை பார்த்தார். வேலைக்குப் போகும் முன்பும் மதிய இடைவேளையிலும் எழுதுவார். 2011 ஜூலையில் 'வுல்' என்ற ஒரு சிறிய கதையை 99 சென்டுக்குப் போட்டார். பூமிக்கடியில் குழாய் போல இறங்கும் நூற்றுக்கும் மேற்பட்ட மாடிகள், அதற்குள் வாழும் மனிதர்கள், வெளியே போகக் கேட்பதே குற்றம். கதை அதோடு முடிந்துவிட்டது. அவர் வேறு எழுதப் போய்விட்டார். அக்டோபருக்குள் மாதம் ஆயிரம் பிரதி விற்க ஆரம்பித்தது, மேலே என்ன ஆச்சு என்று வாசகர்கள் கேட்டார்கள். செய்துகொண்டிருந்த வேலையைப் போட்டுவிட்டு இதை எடுத்தார். நான்கு பாகங்கள் மடமடவென்று எழுதி, 2012 ஜனவரியில் ஐந்தையும் சேர்த்து ஒரே நூலாக்கினார். விளம்பரம் செய்யாத கதையைத் தூக்கிவிட்டது வாசகர்கள், விளம்பரம் செய்த முந்தைய நாவல்கள் அப்படிப் போகவில்லை.

இப்போது அந்த 130 டாலருக்கு வருகிறேன். பெரிய பதிப்பகங்கள் ஹாவியைத் தேடி வந்தன, பத்து லட்சம் டாலருக்கு மேல் பேசின. முழு உரிமையும் வேண்டும் என்றார்கள். மறுத்தார். மின்னூல் உரிமை தன்னிடமே இருக்கும், காகிதப் புத்தகம் மட்டும் விற்பேன் என்றார். ஏஜெண்ட் கிறிஸ்டின் நெல்சன் அதற்காக நின்றார். 2012 கடைசியில் சைமன் அண்ட் ஷூஸ்டர் ஒப்புக்கொண்டது. காகித உரிமைக்கு மட்டும் சுமார் ஐந்து லட்சம் டாலர். அதற்கு முன் பெரிய பதிப்பகம் ஒன்று புதிய எழுத்தாளரிடம் இப்படி இறங்கிவந்தது அபூர்வம். எனக்கு வியரின் படத்தைவிட இது பெரிய சம்பவம். சீகலும் ஷுஸ்டரும் இருபத்துச் சொச்சம் வயதில் கேட்கத் தெரியாமல் விட்டதை, புத்தகக் கடையில் அட்டைப்பெட்டி பிரித்துக்கொண்டிருந்த ஒருவர் கேட்டு வாங்கியிருக்கிறார். கேட்க முடிந்ததற்குக் காரணம், வேண்டாம் என்று எழுந்து வந்தாலும் அவருக்கு மாதாமாதம் பணம் வந்துகொண்டிருந்தது. 2023இல் 'சைலோ' என்ற தொடராக அது ஆப்பிளில் வந்தது.

சரி, இந்த இரண்டு பேரைப் பார்த்து நாமும் இறங்கிவிடலாமா என்றால், அதே மாதங்களில் அதே 99 சென்டுக்குக் கதை ஏற்றியவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் பெயர் எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அதிலும் நல்ல கதைகள் இருந்திருக்கும். கதவும் மெல்லச் சாத்தப்பட்டது. 2014 ஜூலையில் மாதச் சந்தா முறை வந்தது. 2015இலிருந்து அதில் படிக்கப்பட்ட பக்கக் கணக்குக்குப் பணம். பக்கத்துக்குப் பணம் என்றதும் பக்கங்கள் பெருகின. 2023 செப்டம்பரில் அமேசான் ஒரு கட்டுப்பாடு கொண்டுவந்தது, ஒரு ஆசிரியர் ஒரு நாளைக்கு மூன்று புதிய புத்தகங்களுக்கு மேல் ஏற்றக் கூடாது என்று. நாளைக்கு மூன்று! இயந்திரம் எழுதிய புத்தகங்கள் குவிய ஆரம்பித்ததால் வந்த வரம்பு. வியர் மூன்று வருடத்தில் ஒன்று எழுதினார்.

தமிழ்ப் புத்தகங்களை அமேசானில் நேரடியாக ஏற்றும் வசதி 2016 டிசம்பரில் வந்தது. நான் முந்தைய நாற்பதாயிரம் சொற்களைத் தூக்கிப் போட்டுவிட்டு, அதிலிருந்து ஒரே ஒரு பகுதியை மட்டும் எடுத்து நீண்ட சிறுகதையாக்கி அங்கே போட்டேன். நிலாவில் ஒரு தளத்தில் தனியாக இருக்கும் பெண்ணின் கதை. முதல் மாதம் பதினொரு பிரதி விற்றது. அதில் ஏழு பேர் என் டீம்.

எட்டாவது ஆளிடமிருந்து ஒரு மெயில் வந்தது. தென்காசிப் பக்கம் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர். கதை பிடித்திருந்தது என்று ஒரு வரி. பிறகு, "தம்பி, உங்கள் நாயகி தினமும் ஜன்னலில் பூமி உதிப்பதைப் பார்க்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். நிலா ஒரே முகத்தைத்தானே பூமிக்குக் காட்டுகிறது? அங்கே ஓரிடத்தில் நின்று பார்த்தால் பூமி உதிக்காது, மறையாது. அப்படியே தொங்கிக்கொண்டிருக்கும். லேசாக ஆடும், அவ்வளவுதான். யோசித்துப் பாருங்கள்."

யோசித்துப் பார்க்க ஒன்றுமில்லை, அவர் சொன்னது சரி. எட்டாம் வகுப்புப் பாடம். பிரச்சினை என்னவென்றால், கதையின் கடைசிக் காட்சியே பூமி உதிப்பதுதான். அவள் இரவு முழுக்க அதற்காகத்தான் காத்திருக்கிறாள். வியரின் புயல் போல விட்டுவிடலாமா என்று பார்த்தேன். ஆனால் அவர் தெரிந்து வைத்த பொய் அது, நான் தெரியாமல் வைத்தது. இரண்டுக்கும் வித்தியாசம் எனக்கே தெரிந்தது. இரண்டு வாரம் ஆனது. உதிக்காத, மறையாத, எந்நேரமும் ஜன்னலில் அதே மூலையில் நிற்கும் பூமியை வைத்து அந்தப் பெண்ணை மறுபடி எழுதினேன். இப்போது அவள் காத்திருக்கவில்லை, ஜன்னலுக்குத் திரை தைக்கிறாள்.

சாருக்கு அனுப்பினேன். அன்றே பதில் வந்தது: "திரை நன்றாக இருக்கிறது. ஆனால் ஆறில் ஒரு பங்கு ஈர்ப்பில் திரைத்துணி இவ்வளவு விறைப்பாகத் தொங்குமா?"

இப்போது மாதம் ஒரு அத்தியாயம் எழுதுகிறேன், ஆபீஸ் முடிந்து வந்து. பதினான்கு பேருக்கு மெயிலில் போகிறது. சார் இதுவரை முப்பத்தொரு பிழை சொல்லியிருக்கிறார். எக்ஸெல்லில் போட்டு வைத்திருக்கிறேன். திரைத்துணி உட்பட நான்கு இன்னும் திறந்தே இருக்கின்றன.